இலை வட்டம் போட்ட படங்கள்

அமெரிக்காக்காரர்களைப் போல இரக்கமுள்ள சனம் உலகத்தில் இல்லை என்பது என் அக்கா, கமறியா ராத்தாவின் அபிப்பிராயம். எங்கள் குடும்பத்தில் அந்த நாட்டுக்குப் போய் வந்தவர் எவருமில்லை. ராத்தா புத்தளத்தைத் தாண்டிப் போன தூரமே கொழும்புப் பெரியாஸ்பத்திரி வரைதான். ஆனால் பதினொரு வருடமாக அமெரிக்கப் படம் பார்த்தவள். துப்பாக்கிப் படம் பார்க்கமாட்டாள், பறக்கிற மனிதர்களின் படத்தையும் பார்க்கமாட்டாள். பரிசு வாங்கிய படங்கள் மட்டும்தான். படத்தின் அட்டையில், பெயருக்கு மேலே, வட்டமாக இலை வரைந்து அதற்குள் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருப்பார்களே, அதுதான் அவளுக்கு அடையாளம். இரண்டு இலை வட்டத்துக்குக் குறைந்தால் தொடக்கூட மாட்டாள்.

படம் தேடித் தருவது ராத்தாவின் புருசன், மச்சான் பதுர்தீனின் பொறுப்பு. அவர் உப்பளக் கந்தோரில் கிளாக்கு. படங்களில் பேசுவது இங்கிலீஸ், கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். சிங்களப் பொடியன்கள் யாரோ புண்ணியத்துக்கு மொழிபெயர்த்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள்; தமிழில் அந்தப் புண்ணியத்துக்கு ஆளில்லை. ராத்தா சந்தையில் நின்று சிங்களத்தில் பேரம் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. மச்சான் வாலிபத்தில் குருநாகல் பக்கம் புடைவைக் கடையில் நின்றவர், எழுத்துத் தெரியும். அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, ராத்தா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தொடங்குவார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் லப்டொப்பை மூடிவிடுவார்கள். இந்த இடைவெளிக்குள் பாதிப் படம்தான் அடங்கும், ஆகவே ஒவ்வொரு படமும் இரண்டு நாள்.

நான் மர்ஷூதா, ராத்தாவுக்கு ஒரே தங்கச்சி. குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிறேன். பதினாறு வருடமாக அதே பாடம், அதே பிழைகள், அதே பஸ். களைப்பு எனக்கு வியாதியல்ல, அதுதான் உத்தியோகம். வாரக் கடைசியில் ராத்தா வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வரும் முன்பே விமர்சனம் வந்துவிடும்.

பெயர்கள் அவள் வாயில் நுழையாது. மஞ்சள் கதிரைப் படம், பனி லொறிப் படம், நாய்ப் படம் என்றுதான் சொல்வாள். அமெரிக்காவில் குசினி பெரிசு, ஆனால் ஒருத்தியும் சமைப்பதில்லை, எல்லாரும் பெட்டியில் வந்ததை நின்றுகொண்டே தின்கிறார்கள் என்பாள். மையித்து விழுந்த வீட்டுக்கு யாரும் சோறு கொண்டு வராததுதான் அந்த நாட்டின் பெரிய குறை என்பாள். கூடப்பிறந்த ராத்தா இல்லாததால்தான் காசு கொடுத்து டொக்டரிடம் போய்க் கதைக்கிறார்கள் என்றும் சொல்வாள். நடிப்பைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு சட்டம்.

"அழுதா மூக்கு வடியணும் புள்ள. கண்ணு மட்டும் நனைஞ்சா அது நடிப்பு. பனி லொறியில வார பொம்புளைக்கு மூக்கு வடியுது, அவள் துடைக்கவும் இல்ல. அதுக்குத்தான் இலை வட்டம் குடுத்திரிக்கானுகள்."

எல்லாவற்றுக்கும் மேலே அவள் மெச்சியது முடிவுகளைத்தான். அமெரிக்காக்காரன் படத்தில் யாரையும் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகமாட்டான், கோபித்துப் போனவன் வருவான், காணாமல் போனது கிடைக்கும், வருடம் எத்தனை ஆனாலும் கதவு தட்டப்படும் என்பாள்.

இந்த அபிப்பிராயம் சும்மா அபிப்பிராயமாக இருந்திருந்தால் எனக்கொன்றும் இல்லை. என் புருசன் றுமைஸ் கத்தாருக்குப் போய் ஏழு வருடம். முதல் இரண்டு வருடம் கிழமைக்கு மூன்று தரம் கோல் எடுத்தார். மூன்றாம் வருடம் பெருநாளைக்குப் பெருநாள் மட்டும். பிறகு நம்பரே மாறிவிட்டது. அங்கே இன்னொரு கல்யாணம் என்று கேள்வி. மனைவி தன் பக்கத்திலிருந்து கேட்கிற விவாகரத்தை பஸஹ் என்போம். அதற்குக் காதி நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதி இரண்டு தரம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு தரமும் ராத்தாதான் கையைப் பிடித்தாள்.

"பனி லொறிக்காரன் ஒம்பது வருசம் கழிச்சு வாறான் மர்ஷூதா. அந்தப் பொம்புள கதவைப் பூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒனக்கு ஏழுதானே ஆகிது. பொறு."

நானும் பொறுத்தேன். படத்தை நம்பியல்ல, ராத்தாவை நம்பி.

போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு இலை வட்டம் போட்ட படமொன்றின் முதல் பாதியைப் பார்த்தார்கள். ஒரு துறைமுக ஊரில் துணி வெளுக்கிற கடை வைத்திருக்கிற பெண். புருசன் வடக்கே எண்ணெய் தோண்டுகிற வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய தோல் சப்பாத்துச் சோடி வாசலில் இருக்கிறது, அவள் கிழமைக்கொரு தரம் அதற்கு எண்ணெய் பூசுகிறாள். ராத்தா உடனே அதற்குச் சப்பாத்துப் படம் என்று பெயர் வைத்துவிட்டாள். பாங்கு சொன்னது. "மிச்சம் நாளைக்கு," என்று மச்சான் மூடி வைத்தார். புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கந்தோரில், கதிரையில் இருந்தபடியே அவர் மவுத்தானார். ஐம்பத்தெட்டு வயது.

ராத்தா இத்தா இருந்தாள். புருசன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருப்பது, அந்நிய ஆண்களின் முன்னால் வராதது எங்கள் கடமை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போனேன். காலையில் பஸ், பாடசாலை, திரும்ப பஸ், பிறகு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி. ராத்தா குர்ஆன் ஓதினாள், தஸ்பீஹ் மணி உருட்டினாள், கொஞ்சமாகச் சாப்பிட்டாள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் அஸருக்குப் பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"நீ சிங்கள டீச்சர்தானே. வாசி."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆதிலா மாமி உள்ளே வந்தார். "இத்தாவில இரிக்கிற பொம்புள, படத்துல அந்நிய ஆம்புளையப் பாக்கலாமா கமறியா?"

"அவனுகள் என்னைப் பாக்கல்லயே மாமி," என்றாள் ராத்தா.

சப்பாத்துப் படத்தின் மிச்சத்தை அவள் உடனே கேட்கவில்லை. அதைத் தொட இன்னும் மனம் வரவில்லை என்றாள். பழைய மஞ்சள் கதிரைப் படத்தை முதலில் போடச் சொன்னாள். தகப்பன் ஒருவர் மஞ்சள் கதிரையில் இருந்தபடி, சண்டை பிடித்துப் போன மகளுக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் மகள் வருகிறாள், கதிரையைத் தொடுகிறாள், வெளியே போய்க் காருக்குள் இருக்கிறாள். படம் அவ்வளவுதான். ராத்தா சொல்லித் தந்த கதையில் தகப்பன் ஆஸ்பத்திரியில் சுகமாக இருக்கிறார், மகள் அவரைக் கூட்டிவரப் போகிறாள். கீழே ஓடிய எழுத்தில் தகப்பனை அடக்கி இரண்டு கிழமை, மகள் வீட்டை விற்கத்தான் வந்திருக்கிறாள். நான் வாசித்ததை அப்படியே சொன்னேன்.

"நீ பிழையா வாசிக்கிற," என்றாள் ராத்தா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருடமாக இதைத்தான் படிப்பிக்கிறேன். "அப்ப ஒங்கட மனிசன்தான் பெரிய பண்டிதர்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சோற்றுப்பானையைக் கழுவினேன். பிறகு தனியாக உட்கார்ந்து அந்த இடத்தைத் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை. பனி லொறிப் படத்தைப் போட்டேன். லொறிக்காரன் இரண்டாவது பனிக்காலத்திலேயே செத்துப்போகிறான். ஒன்பது வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறவன் அவனுடைய தம்பி, சாமான் கொடுக்க வந்தவன்.

அப்போதுதான் ஒரு விசயம் விளங்கியது. இலை வட்டம் போட்ட படங்களுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஒருத்தி ஜன்னலடியில் நிற்பாள், ஒருவன் காரைத் திருப்புவான், இருட்டாகிப் பெயர்கள் ஓடும். கீழே உள்ள எழுத்து தெரியாதவளுக்கு யாரும் எதையும் சொல்லலாம்.

மச்சானின் சாமான்களை உப்பளக் கந்தோரிலிருந்து கொண்டு வந்தவர் அவரோடு வேலை செய்த மனுவேல். இத்தா வீடென்பதால் கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு குடை, கண்ணாடிக் கூடு, பென் டிரைவ் மூன்று. பென் டிரைவை என் கையில் தந்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"டீச்சர், பதுர்தீன் நானா பகல் சோத்தத் திண்டுகொண்டே மிச்சப் படத்தப் பாப்பாரு. பாத்து முடிஞ்சா மிச்சச் சோத்த அப்பிடியே மூடி வச்சிருவாரு. பிறகு, 'மனுவேல், இதுக்கு இண்டைக்கு என்ன முடிவு போடுவம்?' எண்டு கேப்பாரு. அந்த நாய்ப் படத்துக்கு நான்தான் முடிவு சொன்னனான்." அவர் சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை. "அண்டைக்கும் பாத்தாரு, டீச்சர். 'இதுக்கு முடிவு போடுறது பெரிய கஷ்டம் மனுவேல்' எண்டாரு. அதுதான் கடைசிக் கதை."

மச்சான் எதற்காக முடிவுகளை மாற்றினார் என்று நான் அவரைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் அவர்கள் பார்த்த முதல் படத்தில் ஒரு தாய்க்குப் பிள்ளை தங்கவில்லை. ராத்தாவுக்கும் நாலு தரம் தங்கவில்லை. மச்சான் அன்று ஒரு சொல் விடாமல் உள்ளபடி வாசித்துச் சொல்லியிருந்தார். ராத்தா எட்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை, தண்ணீர்கூடப் பருக்கித்தான் விட்டோம். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா நல்ல நாடாக மாறியது. ராத்தாவின் அமெரிக்கா உப்பளக் கந்தோரில், சோற்றுப் பார்சலுக்கு முன்னால், இரண்டு ஆண்கள் யோசித்துச் செய்தது.

எனக்கு மச்சான்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மவுத்தான மனிதரை ஏசக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தன் மனைவியைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில், பாதி விலையை நான் கட்டியிருக்கிறேன். என் முப்பத்திநாலிலிருந்து நாற்பத்தொன்று வரைக்கும் போய்விட்டது. இதை ராத்தாவிடம் சொன்னால் அவள் திரும்பக் கட்டிலில் விழுவாள். இந்தத் தரம் எழுப்ப மச்சானும் இல்லை. சொல்லாவிட்டால், பொறு என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள், நானும் பொறுத்துக்கொண்டே இருப்பேன். இரண்டில் எதற்கும் என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

மூன்று கிழமை சாட்டுச் சொன்னேன். தலையிடி என்றேன், விடைத்தாள் திருத்த இருக்கிறது என்றேன், சார்ஜர் வேலை செய்யவில்லை என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ராத்தா சார்ஜரைத் தானே குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சப்பாத்துப் படம். மிச்சம் நாளைக்கு எண்டு சொன்ன மனிசன் வரல்ல. நீயாவது சொல்லு."

போட்டேன். அந்தப் பெண் துணி வெளுத்தாள். கோல் வருவது குறைந்தது. முதல் பாதியில் மச்சான் அதற்கு, அவன் இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்திருந்தார். றுமைஸ் பற்றியும் எங்கள் வீட்டில் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு அவள் கடைக்குள் தனியாக நின்று போனைக் காதில் வைக்கிறாள். அவன் குரலில் ஒரு செய்தி. கீழே எழுத்து வந்தது. 'நான் வரமாட்டேன். என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதே.'

நாளை பின்னேரம் பஸ்ஸில் வாறேன் என்று சொன்னால் போதும். அடுத்த காட்சியை நான் தனியாகப் பார்த்து வைத்திருந்தேன்; அதில் அவள் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குத்தான் போகப்போகிறாள், எல்லாம் பொருந்தியிருக்கும். பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வரிப் பொய், அதுவே அதற்கு மேல் நகரவில்லை. அந்த மனிதர் பதினொரு வருடம் இதை எப்படிச் செய்தாரோ தெரியாது.

"என்ன சொல்றான்?" ராத்தா கேட்டாள்.

"நான் வர மாட்டன். என்னைப் பாத்துக்கொண்டு இரிக்காதே."

"நீ பிழையா வாசிக்கிற."

"இல்ல ராத்தா," என்று நான் படத்தை நிறுத்தினேன். மஞ்சள் கதிரையைச் சொன்னேன், மனுவேல் கேட்டடியில் சொன்னதைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், நின்றுபோன திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருமே வரல்லயா?"

"ஒருத்தரும் வரல்ல."

"பனி லொறிக்காரன்?"

"ரெண்டாம் பனியிலயே மவுத்து."

"நாய்?"

"நாயும் வரல்ல ராத்தா. அது மனுவேல் போட்ட முடிவு."

அவள் அழுதாள். மூக்கு வடிந்தது, துடைக்கவும் இல்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் பொய்க்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பதினொரு வருசம்," என்றாள். "அவ்வளவையும் அந்த மனிசன் தனியப் பாத்திரிக்காரே."

பாங்கு சொன்னது. மூடிவைத்தேன்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நான் அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய சோற்றுக் கோப்பையைத்தான் பார்த்தேன். முழுக்கச் சாப்பிட்டாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் லப்டொப்பைக் கொண்டு வந்து, எல்லாப் படத்தின் கடைசியையும் ஒவ்வொன்றாக உள்ளபடி வாசிக்கச் சொன்னாள். இத்தா முடியும்வரை அதுதான் எங்கள் வேலையாக இருந்தது. பாடசாலை விட்டு வந்து தூக்கம் வழிகிற கண்ணோடு வாசித்தேன். அவளோ அபிப்பிராயங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கதிரைக்கு மச்சான் போட்ட முடிவுதான் சரி, அமெரிக்காக்காரனுக்கு அவ்வளவு தூரம் மூளை ஓடவில்லை என்றாள். பனி லொறிக்கு உள்ள முடிவுதான் சரி என்றாள். நாய்ப் படத்தில் மனுவேலுக்கு ஒரு இலை வட்டம் கொடுக்கலாம் என்றாள். சப்பாத்துப் படத்தின் கடைசிக் காட்சியில் பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்குகிறார்கள், அவன் இல்லை. அந்தப் பெண் பையிலிருந்த சப்பாத்தை அங்கிருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். அதைப் பற்றி மட்டும் ராத்தா ஒன்றும் சொல்லவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று குளித்து, வெள்ளையை மாற்றினாள். சொந்தக்காரர்கள் சாப்பாட்டோடு வந்தார்கள். இனி வெளியே போகலாமே, முதலில் எந்த வீட்டுக்குப் போகப்போகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள், ஆளுக்கொரு வீட்டைச் சொன்னார்கள். ராத்தா எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்தாள்.

"அந்த விண்ணப்பம் இன்னும் ஒன்ட பேக்குக்குள்ள இரிக்கா?"

இருந்தது. மடித்த இடம் கிழிந்திருந்ததால் புதிதாக எழுதினேன். அந்தச் சனிக்கிழமை காதி நீதிமன்றத்துக்கு த்ரீவீலில் போனோம். இறங்கும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ட ஏழு வருசத்த நான்தான் திண்டன். மன்னிச்சுக்க," என்றாள். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம்தான். களைப்பாக இருந்தது, ஓம் என்று தலையாட்டினேன்.

காதியார் வயதான மனிதர், மரியாதையாகப் பேசினார். விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார். எத்தனை வருடம், கடைசியாகக் கதைத்தது எப்போது, செலவுக்கு ஏதும் வருகிறதா என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவசரப்பட வேணாம் மகள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்களன். மனம் மாறி வந்தாலும் வருவாரு," என்றார்.

பழக்கதோசம், எனக்குச் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் பின்கதிரையில் இருந்த ராத்தா எழும்பி நின்றாள்.

"வர மாட்டான் ஹாஜியார்," என்றாள். "நான் பதினொரு வருசமாப் பாத்தவ. ஒருத்தனும் வரல்ல."